சேரூ அலுவலகத்து ஒலிநாடா

க்யூர்தி போடோக் உள்ளே வந்தபோது குடையை மடக்கவில்லை. விரித்தபடியே பிடித்துக்கொண்டு நின்றார். தண்ணீர் வட்கெர்டி ஆர்மினின் மேசைமேல் சொட்டியது.

“துப்பறியிறவர் நீங்கதானா? பார்த்தா பல் டாக்டர் மாதிரி இருக்கீங்க.”

“உட்காருங்க, பேராசிரியரே,” என்று ஆர்மின் தன் காகிதங்களை ஈரம் படாத பக்கம் நகர்த்தினார்.

“உட்கார நேரமில்ல. சாயங்காலம் கூட்டம். அதுக்குள்ள நான் அழிக்கலன்னு நீங்க நிரூபிக்கணும். இல்லன்னா அந்தப் பொம்பளை என்னை உயிரோட புதைச்சிடுவா.”

மூலையில் உட்கார்ந்திருந்த பொரோகா தலையைத் தூக்கினாள். ஆர்மினிடம் வேலைக்குச் சேரும் முன் அவள் செகெட் பல்கலைக்கழகத்தில் நாட்டார் பாடல் படித்தவள். அங்கே பாடம் எடுத்த இதே க்யூர்தி அவளைத் தேர்வில் இரண்டு முறை ஃபெயிலாக்கியிருந்தார். அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. அது அவளுக்கு இன்னும் கோபத்தை உண்டாக்கியது.

“எதை அழிக்கல, சார்?” என்றாள் இனிப்பாக.

க்யூர்தி சொன்னதன் சுருக்கம் இது. சேரூ என்றால் களத்துமேடு. அந்தப் பெயரில் வரும் காலாண்டிதழ் ஹங்கேரியப் பண்பாட்டு ஆய்வுக்கானது. இதழாசிரியர் ஷுப்பான் எடெல்கா. ஆசிரியர் குழுவின் தலைவர் க்யூர்தி. இருவருக்கும் இருபது வருடப் பகை. க்யூர்தி இளைஞராக இருந்தபோது திஸ்ஸா ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில் சிப்பான் ரோஸி என்ற பெண்ணிடமிருந்து ‘படகுக்காரன் மகள்’ என்ற நீண்ட கதைப்பாடலைக் கேட்டு எழுதிக்கொண்டார். வேறு யாரும் அந்தப் பாட்டைக் கேட்டதில்லை. அது பள்ளிப் பாடப் புத்தகம் வரைக்கும் போயிற்று. அவர் பெயரும் கூடவே போயிற்று.

இப்போது ரோஸியின் குடும்பத்தார் பரணிலிருந்து ஒரு பழைய ஒலிநாடாவைக் கண்டெடுத்திருந்தார்கள். க்யூர்தி வந்து போன சில வருடங்களுக்குப் பிறகு ஊர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் ரோஸியைப் பதிவு செய்தது. அதன் தொடக்கத்தை மட்டும் தொலைபேசியில் பிடித்து எடெல்காவுக்கு அனுப்பினார்கள். அதில் அந்தப் பள்ளி ஆசிரியர் ‘படகுக்காரன் மகள்’ பற்றிக் கேட்கிறார், ரோஸி தெளிவாகச் சொல்கிறாள்: “எனக்கு அப்படி ஒரு பாட்டே தெரியாது.”

எடெல்காவுக்கு அது போதுமாக இருந்தது. பாட்டு க்யூர்தியே கட்டியது என்று கட்டுரை எழுதி, வரும் இதழில் போடுவதாக எல்லோருக்கும் அறிவித்துவிட்டாள். முழு நாடா ஈஸ்டர் விடுமுறைக்கு முந்தைய பெரிய வியாழன் மாலை அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது. செவ்வாய்க்கிழமை கணினியில் ஏற்றுவதாகத் திட்டம். இன்று செவ்வாய். காலையில் ஓட்டிப் பார்த்தால், ரோஸியின் அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு நாடா முழுக்க வெறும் மௌனம்.

“அலுவலகச் சாவி மூணு பேர்கிட்ட இருக்கு. அவகிட்ட ஒண்ணு, அவளோட வாலு லோராந்த்கிட்ட ஒண்ணு, என்கிட்ட ஒண்ணு,” என்றார் க்யூர்தி. “மிச்சத்துல இன்னும் மோசமா ஏதோ இருந்துச்சாம், நான் போய் அழிச்சேனாம். தலைவர் பதவியை விட்டு இறக்கிட்டுக் கட்டுரையைப் போடப்போறாங்க.”

“விடுமுறையில எங்கே இருந்தீங்க?”

“வீட்டுல. தனியா. எனக்கு யாரையும் பிடிக்காது, யாருக்கும் என்னைப் பிடிக்காது. சாட்சி எங்கேருந்து வரும்?”

“ரோஸி ஏன் தெரியாதுன்னு சொன்னா?”

க்யூர்தி அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். “எந்தப் பாட்டுக்காரி முதல்லயே தெரியும்னு சொல்லியிருக்கா? கேட்ட உடனே பாடினா ஊர்ல மரியாதை இருக்குமா? தெரியாதும்பா, தொண்டை சரியில்லம்பா. நாம ஒண்ணும் சொல்லாம உட்கார்ந்திருக்கணும். பாளிங்கா சாராயம் ஒரு வாய் குடிக்கணும். அப்புறம் தானா வரும். இதை நான் முதல் வருஷப் பிள்ளைங்களுக்கே சொல்லிக்கொடுத்தேன். முட்டாளுங்க, எழுதிக்கிட்டாங்க, புரிஞ்சுக்கல.”

பொரோகா பேனாவை மேசைமேல் கொஞ்சம் பலமாகவே வைத்தாள்.

*

சேரூ அலுவலகம் முற்றத்தைச் சுற்றி நடைபாதை ஓடும் பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது. கதவைத் திறந்தவள் எனிகோ. மெய்ப்புத் திருத்துபவள், நாடா அழிந்திருந்ததை முதலில் கண்டவளும் அவள்தான். தோள்பட்டையில் வெயில் பட்டுச் சிவந்திருந்தது.

“இத்தாலில, திரியெஸ்தே கடற்கரையில இருந்தேன்,” என்றாள், பொரோகா பார்ப்பதைக் கண்டு. “வெள்ளிக்கிழமை போய் இன்னிக்குக் காலையில பஸ்ஸை விட்டு இறங்கி நேரா இங்க. ஈஸ்டருக்கு ஊர்ல இருந்தா கண்ட ஆம்பளையும் வந்து தலையில ஊத்துவான். ஒரு வாரத்துக்கு நாறும்.”

ஈஸ்டர் திங்களன்று ஆண்கள் வீடு வீடாகப் போய்ப் பெண்களின் தலையில் வாசனைத் தண்ணீர் தெளிப்பார்கள். பெண்கள் பதிலுக்குச் சாயமுட்டை தருவார்கள். எனிகோவைப் போல ஓடிப்போகிறவர்களும் உண்டு.

“ஓடி என்ன பிரயோஜனம்?” என்று அவள் தொடர்ந்தாள். “இங்க வந்து ஹெட்போனை மாட்டினா, அதுலயே அந்த நாத்தம்.”

“எனிகோ, அரட்டை போதும்.” உள்ளறையிலிருந்து எடெல்கா வந்தாள். உயரமானவள். வெள்ளை முடியை இறுக்கமாகக் கொண்டை போட்டிருந்தாள். “க்யூர்தி அனுப்பின ஆளா? வாங்க. கையைத் துடைச்சுட்டு உள்ள வாங்க, இங்க இருக்கிற எல்லாமே அவர் தொட்டா அழிஞ்சு போற பொருள்.”

ஆர்மின் டேப் ரிக்கார்டரின் முன் உட்கார்ந்தார். ஒலிபெருக்கி பழுதானதால் அதை ஹெட்போனில்தான் கேட்க முடியும். மாட்டும் முன் மூக்கருகே கொண்டுபோனார். காதில் பதியும் பஞ்சில் ஒன்றும் இல்லை. பிடிக்கும் ஒயரிலும் இல்லை. உச்சந்தலைமேல் படும் பட்டையில்தான் வாசனை. அதைப் பொரோகாவிடம் நீட்டினார்.

“லில்லி,” என்றாள் அவள். மறுபடி மோந்தாள். “லைலாக்கும் இருக்கு. மலிவு சரக்கு ரெண்டும்.”

ஆர்மின் நாடாவை ஓட்டினார். கரகரப்பு, ஆசிரியரின் கேள்வி, ரோஸியின் பதில். அவள் ‘தெரியாது’ என்று முடித்து மூச்சு இழுக்கும் இடத்தில் எல்லாம் நின்றது. பின்னோக்கிச் சுற்றி அந்த இடத்தை மூன்று முறை கேட்டார்.

“ரொம்பச் சுத்தமா அழிச்சிருக்கு,” என்றார்.

“பழக்கமான கை. பொய்யைக்கூட அவர் சுத்தமாத்தான் எழுதுவார்,” என்றாள் எடெல்கா.

பொரோகா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதழின் பழைய அட்டை ஒன்று சட்டமிட்டு மாட்டியிருந்தது: செந்நிற முட்டை, அதன்மேல் ஊசியால் கீறிய கொடி. “இது நீங்க கீறினதா, மேடம்? அழகா இருக்கு. மூணு இலை...”

“நாலு.” கோபத்தின் நடுவிலும் எடெல்கா திரும்பி வந்து விரலை வைத்துக் காட்டினாள். “கீழ பாரு, ஒண்ணு தலைகீழா இருக்கு. அப்படி யாரும் கீறமாட்டாங்க. நான் மட்டும்தான். தப்பா எண்ணிட்டுப் பாராட்டாதே. பாராட்டாமலே இருந்துடலாம்.”

ஆர்மின் சிரிக்கவில்லை; ஆனால் அவளைக் கொஞ்ச நேரம் கவனித்துக்கொண்டிருந்தார். “நேத்து உங்களுக்குத் தண்ணி தெளிக்க யாராவது வந்தாங்களா?”

“எனக்கா? அறுபது வயசுக்காரி தலையில எவன் ஊத்துவான்? கதவைச் சாத்திட்டு நாள் முழுக்கக் கட்டுரை திருத்தினேன். ஒருத்தரும் வரல.”

*

துணையாசிரியர் லோராந்த் பக்கத்து அறையில் மதிய உணவு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஈஸ்டர் மிச்சம்: பன்றித் தொடை, முள்ளங்கித் துருவல், பின்னல் ரொட்டி, ஒரு சாயமுட்டை. நாற்பது வயது, மெருகேற்றிய சப்பாத்து. நாற்காலியில் தொங்கிய அவருடைய மேல்சட்டையின் பையிலிருந்து பச்சைக் குப்பி ஒன்று எட்டிப் பார்த்தது.

பொரோகாவால் பொறுக்க முடியவில்லை. “லில்லிதானே, சார்?”

“ஆமா. ஏன், உங்க தலையிலயும் ஊத்தணுமா? நாள் தாண்டிப்போச்சே.”

“நேத்து எங்கெல்லாம் போனீங்க?”

“நாலஞ்சு வீடு. அத்தை, பக்கத்து வீடு, அங்க இங்க.” அவர் முட்டையை மேசை விளிம்பில் தட்டி உரிக்கத் தொடங்கினார். சிவந்த ஓட்டுத் துண்டுகள் தட்டில் விழுந்தன. “நாடாவை நான் ஏன் அழிக்கப்போறேன்? கட்டுரை வந்தா க்யூர்தி போவார். வராம அசிங்கப்பட்டா எடெல்கா போவாங்க. எது நடந்தாலும் எனக்கு ஒரு நாற்காலி கிடைக்கும். நான் சும்மா இருந்தாப் போதும். சும்மா இருக்கிறதுல நான் கெட்டிக்காரன்.”

“அதை நம்புறேன்,” என்றார் ஆர்மின். ஓட்டுத் துண்டு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அதைப் பொரோகாவின் உள்ளங்கையில் வைத்துவிட்டு எழுந்தார்.

வெளியே நடைபாதையில் பொரோகா பொரிந்து தள்ளினாள். “அவர்தான், சார்! குப்பி பையிலயே இருக்கு. சாவி இருக்கு. ஹெட்போன்ல அதே வாசனை. இல்லன்னா க்யூர்தி. எனக்கு க்யூர்தியா இருந்தாலும் சந்தோஷம்தான்.”

“தண்ணி தெளிக்கிற ஆளுக்கு வாசனை எங்க ஒட்டும்?”

“கையில.”

“அப்ப ஹெட்போன்ல எங்க இருக்கணும்? கையில இருக்கிற துண்டையும் பாரு.”

பொரோகா உள்ளங்கையை விரித்தாள். கீறல் கோடுகள், ஒரு காம்பு, காம்பின் அடியில் தலைகீழாய்த் தொங்கும் ஒற்றை இலை. அவள் அதைக் கைக்குட்டையில் சுற்றிப் பத்திரப்படுத்தினாள்.

*

குழுவின் மற்ற உறுப்பினர்கள் வருவதற்கு அரை மணி முன்பே ஆர்மின் நால்வரையும் கூட்ட அறைக்கு அழைத்தார். க்யூர்தி மேசையின் ஒரு முனையில், எடெல்கா மறு முனையில். நடுவில் லோராந்தும் எனிகோவும். பொரோகா கதவருகே நின்றாள்.

“ராஜினாமாக் கடிதம் கொண்டுவந்தீங்களா?” என்றாள் எடெல்கா.

“உன் மூளையைக் கொண்டுவந்தியா? இந்தப் பக்கம் ஒண்ணையும் காணோம்,” என்றார் க்யூர்தி.

“ரெண்டு பேரும் கொஞ்சம் கேளுங்க,” என்றார் ஆர்மின். குரலை உயர்த்தவில்லை. “முதல்ல நாள். ஹெட்போன் பட்டையில லில்லியும் லைலாக்கும் கலந்த மலிவு வாசனை. வருஷத்துல ஒரு நாள்தான் இந்த ஊர்ல அப்படி ரெண்டு மூணு வாசனை ஒரே இடத்துல சேரும். அழிச்ச ஆள் நேத்து வந்திருக்கார்.”

“லோராந்த் பையில குப்பி இருக்கு,” என்றார் க்யூர்தி உடனே.

“லோராந்த் கையில வாசனை இருக்கும், பேராசிரியரே. பஞ்சையும் ஒயரையும் தொடாம யாரும் ஹெட்போனை மாட்ட முடியாது. அதுல ஒண்ணுமில்ல. உச்சிப் பட்டையில மட்டும் இருக்கு. அப்படின்னா வாசனை தலைமுடியில இருந்துருக்கு. ஆம்பளை தலையில யாரும் ஊத்துறதில்ல. உங்க தலையில ஊத்தினாலும் நிக்காது.”

க்யூர்தி தன் வழுக்கையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். எனிகோ இருமலை அடக்கினாள்.

“அப்ப பொம்பளை,” என்றாள் அவள். “நான் திரியெஸ்தேல இருந்தேன். டிக்கெட் காட்டவா?”

“வேண்டாம்மா. உன்கிட்ட சாவியும் இல்ல. நீ நேத்து இங்க வந்து அழிச்சிருந்தா, அந்த நாத்தத்தைப் பத்தி நீயே முதல்ல சொல்லியிருக்கமாட்டே.”

எடெல்கா மெதுவாகக் கைகளைக் கட்டிக்கொண்டாள். “என் தலையில யாரும் ஊத்தல. சொல்லிட்டேன்.”

“சொன்னீங்க. லோராந்த், மத்தியானம் சாப்பிட்ட முட்டை எந்த வீட்டுது?”

லோராந்த் தன் சப்பாத்தைப் பார்த்தார்.

“தண்ணி தெளிக்காதவனுக்கு முட்டை கிடையாது,” என்றார் ஆர்மின். பொரோகா முன்னால் வந்து ஓட்டுத் துண்டை மேசையில் வைத்தாள். “தலைகீழ் இலை. அப்படிக் கீறுறது ஒருத்தர்தான்னு அவங்களே எங்களுக்குச் சொன்னாங்க.”

“போகலன்னா வருஷம் முழுக்க மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவாங்க,” என்று லோராந்த் முனகினார். “எனக்கு முன்னாடியே மாடிக்காரர் வந்து லைலாக் ஊத்திட்டுப் போயிருந்தார். நான் பாட்டுக்கு ஊத்தினேன், முட்டையை வாங்கினேன், வந்துட்டேன். மேடம், நீங்க இல்லன்னு சொல்லியிருக்கீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“சும்மா இருக்கிறதுல கெட்டிக்காரன்னு எப்பவும் சொல்லிக்குவியே,” என்றாள் எடெல்கா. பிறகு ஆர்மினிடம் திரும்பினாள். “சரி, ஊத்தினான். வயசான காலத்துல அதைப் பெருமையா சொல்லிக்க வேண்டாம்னு விட்டேன். அதனால நான் இங்க வந்தேன்னு ஆயிடுமா? நான் எதுக்கு என் ஆதாரத்தையே அழிக்கணும்?”

“அதான் எனக்கும் குழப்பமா இருந்துச்சு. ஆனா அழிச்ச ஆள் ஆதாரத்தை அழிக்கல. ‘தெரியாது’ங்கிறது அப்படியே இருக்கு. பேராசிரியர் வந்திருந்தா அதைத்தானே முதல்ல அழிப்பார்? அதை விட்டுட்டு, அவ மூச்சு இழுக்கிற இடம் பார்த்து, அதுலேருந்து துடைச்சிருக்காங்க. அவருக்கு எதிரா இருந்தது மட்டும் தப்பிச்சிருக்கு. அப்ப மிச்சத்துல அவருக்கு எதிரா என்ன இருந்திருக்க முடியும்?”

க்யூர்தி இரண்டு கைகளையும் மேசைமேல் ஊன்றினார்.

“கேட்ட உடனே எந்தப் பாட்டுக்காரியும் தெரியும்னு சொல்லமாட்டாளாம். இன்னிக்குக் காலையில கத்துக்கிட்டேன்,” என்றார் ஆர்மின். “உங்களுக்கு அது முப்பது வருஷமாத் தெரியும், மேடம்.”

“ஊகம்.” எடெல்காவின் குரல் நடுங்கவில்லை. “நாடாவுல ஒண்ணும் இல்ல. அதுல என்ன இருந்துச்சுன்னு உங்களாலயும் சொல்ல முடியாது, இந்த ஆளாலயும் சொல்ல முடியாது. ரோஸி செத்துப்போயிட்டா. அவ பாடவே இல்ல. குழு வரட்டும், நான் அதைச் சொல்றேன், நீங்க முட்டை ஓட்டைக் காட்டுங்க.”

அவள் சொன்னது சரி என்று பொரோகாவுக்கே பட்டது. வாசனையும் முட்டை ஓடும் எடெல்காவை நேற்று இந்த அலுவலகத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தும். க்யூர்தியின் பாட்டை உண்மையாக்காது. கட்டுரை இந்த இதழில் வராவிட்டால் அடுத்ததில் வரும்.

ஆர்மின் க்யூர்தியின் பக்கம் திரும்பினார். “அந்தப் பாட்டைப் பாடுங்க, பேராசிரியரே.”

“என்ன?”

“உங்களுக்கு ரோஸி பாடின மாதிரியே. எனக்குக் கேக்கணும்.”

“நான் என்ன கல்யாண வீட்டுப் பாட்டுக்காரனா?” என்றார். ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார். குரல் உடைந்த கதவு போல இருந்தது. இருட்டில் படகு அவிழ்கிறது; மகள் துடுப்பைக் கேட்கிறாள்; மூன்றாம் அடியில் ராகம் சரிந்து இறங்கி நான்காவதில் ஓய்கிறது. எடெல்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய விரல் முழங்கைமேல் தாளம் போட்டது. முதல் சரணம் முடிந்தது. இரண்டாவதில் மறுபடி மூன்றாம் அடி வந்தது, மறுபடி க்யூர்தி இறங்கினார். எடெல்காவின் விரல் நின்றது. மூன்றாம் சரணத்தில் அவர் இறங்க ஆரம்பித்ததும் அவள் கையால் மேசையை அறைந்தாள்.

“இறங்காதீங்க! அங்க அவ மேல போறா! உங்க புத்தகத்துலயும் இதே தப்பு. காதைக் கழட்டி வச்சுட்டா எழுதினீங்க?”

க்யூர்தி பாடுவதை நிறுத்தினார். வெளியே முற்றத்தில் யாரோ தரை விரிப்பைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

“யாரு மேல போறா, மேடம்?” என்று கேட்டாள் எனிகோ.

எடெல்கா உட்கார்ந்தாள். கொண்டையிலிருந்து ஓர் ஊசி கழன்று மேசைமேல் விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

“பாடினாளா?” என்றார் க்யூர்தி. அந்தக் குரலைப் பொரோகா வகுப்பில் ஒரு நாளும் கேட்டதில்லை.

“பாடினா.” எடெல்கா அவரைப் பார்க்காமல் பேசினாள். “ரொம்ப நேரம் சும்மா இருந்தா. அந்த ஆசிரியரும் சும்மா இருந்தார். அப்புறம் பாடினா. எல்லாருக்கும் சொல்லியாச்சு, கட்டுரை அச்சுக்கோர்த்தாச்சு, அவ என் காதுல பாடிட்டே இருக்கா. திரும்பத் திரும்பக் கேட்டேன். கேட்டுட்டுத்தான் அழிச்சேன்.”

“முழுசாவா பாடினா?”

“ஏழு சரணம்.”

“அஞ்சுதான்.”

“ஏழு. உங்களுக்கு அஞ்சோட நிறுத்திட்டா. உங்களைப் பிடிக்கல போல.”

க்யூர்தியின் முகம் சிவந்தது. அவர் எழுந்து மேசையைச் சுற்றி நடந்து அவள் அருகே வந்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்துப் பொரோகா ஓரடி முன்னால் வந்தாள். ஆர்மின் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். படியில் காலடிச் சத்தம் கேட்டது. குழுவினர் வந்துகொண்டிருந்தார்கள். லோராந்த் தன் கழுத்துப்பட்டையைச் சரிசெய்தபடி எழுந்து, முகத்தில் வருத்தத்தை வரவழைத்துக்கொண்டு கதவைத் திறக்கப் போனார்.

“திறக்காதே,” என்றார் க்யூர்தி. நாற்காலியை இழுத்து எடெல்காவுக்கு எதிரே போட்டார். எனிகோ தன் தொலைபேசியை எடுத்து, பதிவுப் பொத்தானை அழுத்தி, இருவருக்கும் நடுவில் மேசைமேல் வைத்தாள்.

எடெல்கா அந்தச் சிறு சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பாடினால் அவளுடைய கட்டுரையும் நாற்காலியும் அந்த அறையோடு முடிந்துபோகும். பாடாவிட்டால் அந்தக் கடைசி இரண்டு சரணங்களும் அவளோடு முடிந்துவிடும்.

“நான் எதுக்குப் பாடணும்?” என்றாள். “பாடினா மன்னிச்சிடுவீங்களா?”

“மாட்டேன்,” என்றார் க்யூர்தி. “சாகுற வரைக்கும் மாட்டேன். பாடு.”